பனியாற்றுக்குக் காரில் போவதா, ரயிலில் போவதா

ஆகஸ்ட் 25, ஞாயிறு. ஸ்டுட்கார்ட்.

வந்து எழுபத்தொன்றாம் நாள். விசா தொண்ணூறு நாளைக்கு. காலையில் பாட்டில்கள் ஆறு கொதிக்க வைத்தேன். குழந்தையின் துணி ஒரு நடை, பெரியவர்கள் துணி ஒரு நடை. மஞ்சள் பையில் போட வேண்டிய குப்பையைப் பழுப்புத் தொட்டியில் போட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்து மூன்று மாடி இறங்கிப் போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் போட்டிருந்தேன். ஏறி வர மூச்சு வாங்கியது.

மகள் கோகிலவாணியின் பேறுகாலத்துக்காக வந்தோம். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகிறது. மதியம் சாப்பிடும்போது வாணி, "அப்பா, ஊருக்குப் போறதுக்குள்ள நீங்களும் அம்மாவும் ஒரு நாலு நாள் எங்காச்சும் போயிட்டு வாங்க. வந்ததுல இருந்து பாட்டில் கழுவுறதத் தவிர என்னத்தப் பாத்தீங்க?" என்றாள்.

பார்க்க வேண்டியது எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தெய்வானை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "நான் பனியாறு பாக்கோணும்" என்றாள்.

கோபிக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் புவியியல் நடத்தியவள். ஜூலை மாதம் பனியாறு பாடம் வரும். அதற்கென்று நீலச் சாக்கட்டி தானே வாங்கி வைத்திருப்பாள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வரைந்து காட்டிய ஒன்றை அவள் பார்த்ததில்லை. சுவிட்சர்லாந்தில் ஃபூர்க்கா கணவாயில் ரோன் பனியாறு பஸ் போகிற சாலைக்கு மிக அருகில் இருக்கிறது என்று வாணி போனில் தேடிச் சொன்னாள்.

மாப்பிள்ளை நவநீதன் உடனே திட்டம் போட்டுவிட்டார். "ஜூரிச் வரைக்கும் நேர் ரயில் மாமா. அங்க கார் எடுத்துக்கங்க. அத்தைக்கு இடுப்புல கம்பி வெச்சிருக்கு, எடத்துக்கு எடம் மாறி ஏறி எறங்க முடியுமா? நீங்க முப்பத்தஞ்சு வருசம் ஓட்டுன கை."

நான் தெய்வானையைப் பார்த்தேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.

"காரே எடுங்க மாப்பிள்ளை. இவரே ஓட்டட்டும்" என்றாள்.

இரண்டு வருடம் முன்பு கோவைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். விஜயமங்கலம் சுங்கச்சாவடி தாண்டியதும் ஒரு செவலை நாய் குறுக்கே வந்தது. திருப்பினேன். நடுத்தடுப்பில் மோதி அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அதன் பிறகு நான் ஓட்டவில்லை. கண் மங்கல் என்று சொல்லிக் காரை விற்றேன். கண்ணில் புரை எடுத்து ஒன்றரை வருடமாகிறது. இப்போது அந்தக் காரணமும் கையில் இல்லை. கிளம்பும் முன் வாணி சொன்னாள் என்று ஈரோட்டில் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டு வேறு வாங்கினேன். வாங்காமல் இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

நீளத்தாளில் கோடு போட்டு அட்டவணை தயாரித்தேன். இடப்பக்கம் கார், வலப்பக்கம் ரயிலும் பஸ்ஸும். பன்னிரண்டு வரிகள். பயண நேரம் (ஜூரிச்சிலிருந்து காரில் இரண்டு மணி, ரயிலிலும் பஸ்ஸிலுமாக மூன்றரை மணி). ஏறி இறங்கும் இடங்கள், நடைமேடைப் படிகள் (இணையத்தில் படம் பார்த்து எண்ணினேன்), மழை வந்தால், வழி தவறினால், கழிப்பறை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை.

கார் 61, ரயில் 58.

எடைகளைக் கொஞ்சம் மாற்றினேன். 'வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமின்மை' என்று ஒரு வரி சேர்த்தேன். ரயில் 64, கார் 52.

முடிவைப் பார்த்துவிட்டு எடையைத் திருத்துவது. முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தினேன். இந்தக் காரியத்தைச் செய்த மாணவன் ஒருவனுக்குப் பூஜ்யம் போட்டு, அவன் தகப்பனார் வந்து சண்டை போட்டதுகூட நினைவிருக்கிறது.

தெய்வானையிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"இதுல என்ற காலு எந்த வரியில இருக்குதுங்க?"

"ஆறாவது."

"அதுக்கு எவ்வளவு?"

"எட்டு."

"பத்துக்கா?"

"நூத்துக்கு."

தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். குழந்தை அழுதது, எழுந்து போய்விட்டாள். கைத்தடி ஊன்றாமல் நடந்தாள். வலிக்கும்.

ஆகஸ்ட் 28, புதன்

பாட்டில்கள் எட்டு. காலை வழக்கம்போல் குழந்தையை வண்டியில் வைத்துப் பூங்கா வரை கொண்டு போனேன். திரும்பும்போது சந்தியில் பச்சைக்காக நின்றேன். ஒரு அம்மாள் என் முழங்கையைத் தொட்டு ஜெர்மனில் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டார். பார்த்தால் விளக்கு சிவப்பில் இருந்தது. வண்டியின் முன்சக்கரங்கள் நடைபாதையை விட்டு இறங்கிச் சாலையில் இருந்தன. அந்த அம்மாளின் இன்னொரு கை வண்டியின் பிடியில் இருந்தது. நன்றி சொன்னேன்.

யோசனையில் இருந்திருப்பேன். ரயில் நேரங்களைப் பற்றி.

குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வந்து துணி மடித்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மழை. வெளியே போகவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மாப்பிள்ளை காரைப் பதிவு செய்துவிட்டார். வாடகையை அவரே கட்டினார். ஐந்தாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு ஜூரிச்சில் எடுக்க வேண்டும். எனக்கும் விவரங்களை அனுப்பினார்.

விதிமுறைகள் பதினாறு பக்கம். யாரும் படிக்கமாட்டார்கள். நான் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது: முன்பணத்துக்கு ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டு ஏற்கப்படாது. என்னிடம் கிரெடிட் கார்டு எந்நாளும் இருந்ததில்லை.

வரவேற்பறையில் மாப்பிள்ளை, "எல்லாம் சரியா இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றேன்.

அங்கே போனதும் அவர்களே மறுத்துவிடுவார்கள். விதி மறுக்கும். நான் மறுத்ததாக ஆகாது. தெய்வானை அவர்களைத் திட்டிக்கொண்டு ரயில் ஏறுவாள். இதை எழுதும்போது கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருக்கிறது. இந்த நிம்மதி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

தெய்வானையின் தம்பி சென்னியப்பன் வீடியோவில் கூப்பிட்டான். ஊரில் மஞ்சள் விலை, பவானியில் தண்ணீர், எல்லாம் சொல்லிவிட்டு, "மச்சான் வெளிநாட்டுல காரு ஓட்டப் போறாராமா! பயப்படாம ஓட்டுங்க மச்சான். அங்க நாயெல்லாம் கவுறு போட்டுத்தான் கூட்டீட்டு வருவாங்க!" என்று சிரித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அது என்ன நாயி மச்சான், கருப்பா?"

"கருப்புதான்" என்றேன்.

"அன்னிக்கு செவலைன்னீங்க" என்றாள் தெய்வானை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

"இருட்டா இருந்துச்சு" என்றேன். காலை ஒன்பதரை மணிக்கு நடந்த விபத்து அது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. குழந்தை ஏப்பம் விட்டது.

செப்டம்பர் 3, செவ்வாய்

இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

நாய் வரவில்லை.

சுங்கச்சாவடியைத் தாண்டியது நினைவிருக்கிறது. தெய்வானை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், அந்த வாசனை நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது கண்ணாடி நொறுங்கிய சத்தம். நடுவில் ஒன்றும் இல்லை. தூக்கம் இல்லை. தூக்கமென்றால் தூங்கினோம் என்று தெரியும். இது வேறு. ஒரு தாளைக் கிழித்து எடுத்தது போல.

ஆம்புலன்ஸில் வந்தவர் அவளைத் தூக்கும்போது, "எப்படிங்க சார் ஆச்சு? நாய் கீய் குறுக்க வந்துருச்சா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். நானாக யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. அவர் நீட்டினார், வாங்கிக்கொண்டேன். பிறகு போலீஸுக்கும் காப்பீட்டுக்காரருக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல நாய்க்கு வால்கூட வந்துவிட்டது.

ஓட்ட மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். அதனால்தான் ஒன்பதாம் பக்கம்.

செப்டம்பர் 4, புதன்

பெட்டி ஒன்று, கைப்பை ஒன்று, தயிர்சாதம், அவளுடைய வலி மாத்திரை எட்டு. ரயில் நேரங்களைத் தனித்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தெய்வானை பார்த்தாள். "காருல போறதுக்கு எதுக்குங்க ரயில் டைமு?" என்றாள். ஒரு எச்சரிக்கைக்கு என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன். ஆண்டர்மாட், விடுதி.

களைப்பு. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன், நாளைக்கு எழுதினால் மாற்றிவிடுவேன்.

ஜூரிச்சில் இறங்கியபோது பதினொன்றேமுக்கால். கார் வாடகைக்காரர்களின் கவுன்ட்டரில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். சட்டையில் பெயர் குத்தியிருந்தது, தெய்வானை வாய்விட்டுப் படித்தாள், துஷ்யந்தன். அவர் எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா தமிழோ? எந்த இடம்?"

"ஈரோடுங்க" என்றாள் தெய்வானை.

"ஈரோடோ! என்ர மனிசி போன வருசம் அங்கை சீலை எடுக்க வந்தவ. நாங்கள் யாழ்ப்பாணம், கொக்குவில்." கையைக் குலுக்கினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பிறகு என் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, இது டெபிட் கார்ட் எல்லோ. ஓட்டுறவரின்ர பேரிலை கிரெடிட் கார்ட் வேணும்."

"அப்படியா" என்றேன். முன்பே ஒத்திகை பார்த்த முகத்தை வைத்துக்கொண்டேன். "அப்படியானா பரவாயில்லைங்க. விதின்னா விதிதான். நாங்க ரயில்லயே போயிக்கறோம்."

கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன். தெய்வானை திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அவசரப்படாதேங்கோ ஐயா. அம்மாவைப் பாருங்கோ, கால் ஏலாமல் நிக்கிறா. ஒரு பத்து நிமிசம் பொறுங்கோ." அவளுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். உள்ளே போனார். போனில் யாரிடமோ ஜெர்மனில் பேசினார், சிரித்தார், கெஞ்சினார். திரும்பி வந்து மேஜையில் தட்டினார். "சரி வந்திட்டுது! முழுக் காப்புறுதி போட்டால் இதுக்கும் குடுக்கலாமாம். சின்னக் கார் கேட்டிருக்கிறியள், நான் பெரிசாத் தாறன். ஓட்டோமெற்றிக். சும்மா இருந்தாலே போகும். எங்கடை ஆக்களுக்கு நாங்கள் செய்யாமல் ஆர் செய்யிறது?"

சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

பதினாறு பக்க விதிமுறையை ஒரு தமிழர் அன்பினால் தள்ளிவைத்துவிடுவார் என்பதற்கு என் அட்டவணையில் வரி இல்லை.

கார் கீழ்த்தளத்தில் நின்றது. நான் பழக்கதோஷத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்தேன், அங்கே ஸ்டியரிங் இல்லை. சுற்றிப் போய் உட்கார்ந்தேன். கண்ணாடிகளை மூன்று முறை சரி செய்தேன். தெய்வானை கைத்தடியைக் காலடியில் வைத்து, பெல்ட்டை மாட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போலாமுங்களா?" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். சாவியைத் திருப்பினேன்.

கார் தானாக நகர்ந்தது. இரண்டு தூண்களைச் சுற்றி, சரிவில் ஏறி, வெளியே விடுகிற தடுப்புக் கம்பம் வரை போனேன். சீட்டைப் போட்டதும் கம்பம் எழுந்தது. எதிரில் வெயில். டிராம் ஒன்று, சைக்கிள்கள், எல்லாம் மறுபக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. என் கால் பிரேக்கில் இருந்தது. அது எழவில்லை. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. பிறகு இன்னொன்று.

"ஏனுங்க" என்றாள் தெய்வானை. பிறகு கொஞ்சம் சத்தமாக, "ஏனுங்க!" அவள் குரலில் நான் அதுவரை கேட்டிராத பயம் இருந்தது. என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நான் அங்கேதான் இருந்தேன். எல்லாம் தெரிந்தது.

"தெய்வா, நாயி எதுவும் வரல."

"தெரியுமுங்க" என்றாள்.

பின்னால் இருந்தவர் இறங்கி வந்து என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். உயரமான மனிதர், முகம் சிவந்திருந்தது. தெய்வானை என்னைத் தாண்டிக் குனிந்து, "ஒன் மினிட் சார். ஃபேமிலி மேட்டர்" என்றாள். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தெரியுமா?"

"நான் தூங்கலீங்க. தடுப்புப் பக்கம் போகுதேன்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன். கண்ணத் தொறந்துட்டுத்தான் இருந்தீங்க. ஆனா நீங்க அங்க இல்ல."

துஷ்யந்தன் ஓடி வந்தார். "என்ன ஐயா, வாகனம் பிழையோ?"

"வாகனம் நல்லாருக்குதுங்க. நான்தான் ஓட்டக் கூடாது. சொல்லாம மறைச்சுட்டேன்."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "முதலே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் கூசியது. நாங்கள் இறங்கிக்கொண்டோம், அவரே காரைப் பின்னுக்கு எடுத்து உள்ளே விட்டார். பதிவை ரத்து செய்தார். எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேடை வரைக்கும் வந்தார்.

ரயிலில் தெய்வானை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஏரி வந்தது, அதற்குப் பின் மலை வந்தது. நான் தயிர்சாதம் எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. முதல் மாற்றம் எர்ஸ்ட்ஃபெல்டில். ஆறு நிமிடம். அவள் பக்கவாட்டாகத் திரும்பி, தடியை முதலில் ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். கையை நீட்டினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மாற வேண்டிய ரயில் போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து.

பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு எதிரிலிருந்த மலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நாயின்னு சொன்னீங்க. சரி, பயத்துல சொல்றாருன்னு விட்டேன். நாளைக்குச் சொல்லுவாரு, அடுத்த நாளு சொல்லுவாருன்னு ரெண்டு வருசம். நாயின்னு சொல்லீட்டா டாக்டருகிட்டப் போக வேண்டாமல்லங்க? அதானே?"

அதுதான்.

"காரு வேணும்னு நான் எதுக்குக் கேட்டேன்னு நெனைக்கறீங்க? எனக்கு இன்னும் காருல உக்காரவே பயமா இருக்குதுங்க. ஓட்டச் சொன்னாலாவது முடியாதும்பாருன்னு பாத்தேன். அந்தக் கம்பம் வரைக்கும் ஓட்டீட்டு வந்துட்டீங்களே."

"நீ எறங்கியிருக்கலாமே."

"எறங்கியிருந்தா நீங்க தனியாப் போயிருப்பீங்க."

மாத்திரை கேட்டாள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த ரயிலில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்ததால் அல்ல, அந்த ரயிலில் படி உயரம்.

செப்டம்பர் 6, வெள்ளி

மஞ்சள் பஸ். ஓட்டியவர் ஒரு பெண்மணி, ஐம்பது இருக்கும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் திருப்பினார். இந்தச் சாலையில் நான் என்ன செய்திருப்பேன் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். கீழே பார்க்கவில்லை.

பஸ் நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடை. எங்களுக்கு முப்பத்தைந்து. பாதை முடிகிற இடத்தில் தெய்வானை கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாம்பல் நிறத்தில் இருந்தது. ஓரங்களில் ஏக்கர் கணக்கில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பனி உருகாமல் இருக்கத்தானாம். துணி கிழிந்து, அழுக்கேறி, அடியிலிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கீழே பச்சை நிறத்தில் ஒரு குளம்.

"போர்வ போத்தி வெச்சிருக்காங்க. காச்சக்காரனாட்ட" என்றாள்.

ஏமாற்றமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லீங்க. நான் வரைஞ்சது சரியாத்தான் இருக்குது." தடியை நீட்டிக் காட்டினாள். பனியாறு அரைத்துத் தள்ளிய கற்குவியல் எது, முன்பு அது எந்த உயரம் வரை இருந்தது என்று பாறையில் தெரியும் கோடு எது, பள்ளத்தாக்கு ஏன் அகன்று கிடக்கிறது. வகுப்பில் பேசுகிற குரல். நாற்பது வருடம் கூட வாழ்ந்தும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற ஜப்பானியத் தம்பதிகூடப் புரியாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். ஊர் திரும்பும் வரையாவது அதை விட்டுவைத்திருக்கலாம். ஆனால் நான் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரிகிறது.

"இன்னொண்ணு இருக்குது தெய்வா. போன வாரம் புதன்கெழம. பாப்பாவக் கூட்டீட்டுப் போனப்ப." சந்தியையும், முன்சக்கரங்களையும், அந்த அம்மாளின் கையையும் சொன்னேன்.

நாய் விஷயத்தில் அவ்வளவு நிதானமாக இருந்தவள் கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். கற்கள் குத்தும், எழுந்திரு என்றேன். எழவில்லை.

"கொழந்தையவா" என்றாள். "அடுத்த நாளும் கூட்டீட்டுப் போனீங்களா?"

"அடுத்த நாள் மழை."

"அதுக்கடுத்த நாளு?"

"போனேன். முந்தாநாள் வரைக்கும்."

ஜப்பானியர் தண்ணீர் பாட்டில் நீட்டினார். வேண்டாம் என்று கையசைத்தாள். பிறகு, "வாணிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லோணும்" என்றாள்.

செப்டம்பர் 7, சனி

அவளுக்குக் கால் வீக்கம். விடுதியிலேயே இருந்தோம். வெந்நீர் ஒத்தடம் நான்கு முறை.

செப்டம்பர் 8, ஞாயிறு. ஸ்டுட்கார்ட்.

நான்கு மாற்றங்கள், எதையும் தவறவிடவில்லை. வீடு வந்து சேர மாலை ஐந்து மணி. படியேறும்போதே குழந்தையின் குரல் கேட்டது. கை கழுவிவிட்டு வந்ததும் வாணி, "தாத்தாகிட்டப் போறியா சாமி, தேடுனியா?" என்று கொஞ்சிக்கொண்டே என் மடியில் போட்டாள். நான்கு நாளில் கனம் கூடியிருந்தது.

"பனியாறு எப்படி இருந்துச்சுங்க அத்தை?" என்று கேட்டார் மாப்பிள்ளை. "காரு நல்லா இருந்துச்சா மாமா?"

தெய்வானை சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை.

சொன்னேன். காரில் தொடங்கினேன், பின்னால் போய் விஜயமங்கலத்தைச் சொன்னேன், கடைசியில் சந்தியைச் சொன்னேன். முன்னுரை இல்லாமல் சொல்ல வேண்டும் என்று ரயிலில் தீர்மானித்திருந்தேன், ஆனாலும் நாயின் நிறத்தைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். சந்திக்கு வந்தபோது வாணியின் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது.

எழுந்து வந்தாள். குனிந்து, ஒரு கையைக் குழந்தையின் கழுத்துக்கடியிலும் ஒரு கையை முதுகுக்கடியிலும் கொடுத்து, என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். மெதுவாகத்தான் எடுத்தாள். குழந்தையின் விரல் என் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தது. அதையும் விடுவித்தாள்.

"எத்தன நாளுப்பா?" என்றாள். "அதுக்கப்புறம் எத்தன நாள் கூட்டீட்டுப் போனீங்க?"

"ஆறு நாள்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இதை ஒரு நியாயமாக எழுதவில்லை, தெரிந்ததை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பயண இன்சூரன்ஸ் இருக்குதுங்க மாமா. என்கூட வேல செய்யறவரோட அண்ணன் நரம்பு டாக்டர். கேட்டுப் பாக்கறேன்" என்றார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

பாட்டில்கள் கழுவாமல் கிடந்தன. போய்க் கழுவினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

பதினொன்றாம் தேதி காலை எட்டரைக்கு டாக்டர். விமானம் பன்னிரண்டாம் தேதி. வாணி காலையில் எனக்குக் காபி கொடுத்தாள். பேசவில்லை. குழந்தையைத் தானே வெளியே கொண்டு போனாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

டாக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். நான்கு பக்கம். வாணி சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னாள். குழந்தை அவள் தோளில் இருந்தது. தெய்வானை பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த மாதிரி எத்தன தடவ வந்திருக்குது, தேதியோட எழுதணுமாம்பா."

இரண்டு என்று எழுதினேன். விபத்தின் தேதி, போன மாதம் இருபத்தெட்டு.

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"அஞ்சாறு வினாடி."

"இருவது இருக்குமுங்க" என்றாள் தெய்வானை. "காருல நான் ரெண்டு தடவ கூப்பிட்டு, அதுக்கப்பறந்தான் இடிச்சுது."

ஆறை அடித்து இருபது என்று எழுதினேன்.

"ரெண்டு தடவைன்னா எழுதியிருக்கீங்க?" கத்தியைக் கீழே வைத்தாள். "ரெண்டு இல்லீங்க."

வாணியும் நானும் அவளைப் பார்த்தோம்.

"சென்னியப்பன் புது வீட்டுக்குக் குடி போனப்ப, பந்தியில. ரசம் ஊத்த வந்தவங்க கேட்டுக்கிட்டே நிக்கறாங்க, நீங்க எலையப் பாத்துட்டே உக்காந்திருந்தீங்க. வாத்தியாரு கணக்கு யோசிக்கறாருன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அது தை மாசம், விபத்துக்கு முந்துன வருசம். அதுக்கப்பறம் நீங்க ரிட்டயர்டு சங்கத்துல பேசறப்ப பாதியில நின்னுட்டீங்க, தாளு மாறிப்போச்சுன்னீங்க. அப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தப்பதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. அன்னீல இருந்து நான் பாத்துட்டே இருக்கேன்."

"அம்மா, ஏம்மா சொல்லல?" என்றாள் வாணி.

"அவரு வாயில இருந்து வரட்டும்னு இருந்துட்டேன். அது என்ற தப்பு." விரலை மடக்கி எண்ணினாள். "ஏழு. எனக்குத் தெரிஞ்சு ஏழு. தேதி எல்லாம் சொல்லறேன்."

வாணி எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தையை என்னிடம் தரவில்லை. ஆனால் அதன் கால்கள் என் கைமேல் பட்டுக்கொண்டிருந்தன, அவள் நகர்த்தவில்லை.

நாற்பத்தாறு வருடமாக நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். தெய்வானை சொல்லும் இந்தத் தேதிகளில் என்ன எழுதியிருக்கிறேன் என்று ஊருக்குப் போய் எடுத்துப் பார்க்க வேண்டும். மழை என்றோ, பால்காரர் வரவில்லை என்றோ எழுதியிருப்பேன்.

படிவத்தில் இடம் போதவில்லை. தனித்தாள் ஒன்று எடுத்து ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டேன். இரண்டு எழுதியாயிற்று. தெய்வானை பீன்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு, நான் எழுதி முடிக்கும் வரை பொறுத்திருந்தாள்.

"எழுதியாச்சுங்களா? மூணாவது, அந்த ஐப்பசி மாசம்" என்றாள்.